அஷ்டமியில் சிப் வைக்கக் கூடாது

ஜூன் 2

இளவேனில் பேசினாள். மகள் கூப்பிடுகிறாளே என்று போனை எடுத்தால், "கடப்பா என்னப்பா பண்றான்?" என்கிறாள். என் ரத்த அழுத்தம், அவள் அம்மாவின் முழங்கால் எல்லாம் அதற்குப் பிறகுதான். நானும் நாயைப் பற்றிய அறிக்கையை முதலில் வாசித்துவிடுகிறேன். சாப்பிட்டான், தூங்கினான், பால்காரரைப் பார்த்துக் குரைத்தான்.

கடப்பாக் கல் நிறத்தில் இருப்பான், கல் பதித்தது போல நாள் முழுக்கத் தரையில் கிடப்பான் என்று அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். ஆறு வருடத்துக்கு முன் மருதமலை அடிவாரத்தில் சாக்கடை ஓரம் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். சுத்தமான நாட்டு நாய். மூன்று வருடத்துக்கு முன் வேலை கிடைத்து ஐரோப்பாவுக்குப் போனாள். அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு மனமில்லை, குளிர்நாடு என்று வைத்துக்கொள்கிறேன். போகிற அன்று நாய்ச் சங்கிலியை என் கையில் கொடுத்து, "ரெண்டு வருஷம்தாங்ப்பா. பாத்துக்குங்க, வந்து வாங்கிக்கறேன்" என்றாள். குளிர்நாட்டில் இரண்டு வருடத்துக்கு எத்தனை மாதம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று சொன்ன செய்தி: கடப்பாவை அங்கே அழைத்துக்கொள்ளப் போகிறாளாம்.

"நல்லதாப் போச்சு கண்ணு" என்றேன். "எனக்கும் வயசாச்சு. விடிஞ்சும் விடியாம இவனை இழுத்துக்கிட்டு வடவள்ளி பூரா சுத்த முடியலை."

உண்மையும் அதுதான். இந்த நாயை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. செய்தித்தாளை விரித்தால் தலையங்கத்தின் மேல் வந்து படுப்பான். அவன் எழுந்த பிறகுதான் நாட்டு நடப்பை நான் தெரிந்துகொள்ள முடியும். போகட்டும், விட்டது தொல்லை.

இரவு தோசை. அவனுக்கு இரண்டு. மூன்றாவதும் கேட்டான், கொடுத்துத் தொலைத்தேன்.

ஜூன் 5

விலங்குகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் ரியாஸ் என்ற இளைஞர் சென்னையிலிருந்து பேசினார். இளவேனில் ஏற்பாடு. கடப்பாவை 'பேபி' என்கிறார். "பேபியோட டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க சார்." சாக்கடை ஓரத்தில் கிடைத்த பேபி, ஜாதகம் எழுதி வைக்கவில்லை என்றேன். சிரிக்காமல், "அப்ப டாக்டர் பல்லைப் பாத்து எழுதிடுவாரு சார்" என்றார்.

பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். அச்சடித்து வந்து முழுவதும் படித்தேன். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், படிக்கச் சொன்னால் படித்துவிடுவேன். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினேன். மறுபடியும் ஒருமுறை படித்தேன். நாய்க்குத் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் அடையாள எண் கொண்ட ஒரு சிப் வைக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். குளிர்நாட்டில் அந்த நோய் கிடையாதாம். நம் ஊர் நாய் போய் ஆரம்பித்து வைத்துவிடுமோ என்று பயம்.

கூண்டு பற்றியும் விதி இருக்கிறது. நாய் அதற்குள் எழுந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். சேலத்துக்குப் பேருந்தில் போகும்போது எனக்கு இப்படி ஒரு விதி இருந்தால் தேவலை.

ஜூன் 8

ஞாயிறு. இளவேனிலின் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

ஜூன் 18

கால்நடை மருத்துவர் ஜெபராஜின் கிளினிக்குக் கடப்பாவை அழைத்துப் போனோம். என் மனைவி மரகதமும் வந்தாள்.

போவதற்கு முன் நடந்ததை எழுத வேண்டும். எங்கள் வீட்டில் தினம் தேதி கிழிக்கிற காலண்டர் மரகதத்தின் துறை. பெயின்ட் கடைக்காரர் வருடா வருடம் கொடுப்பார். நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் என்று நாலு விரல் அகலத் தாளில் உலகத்தையே அடக்கியிருப்பார்கள். நான் தேதியைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. என் கல்யாணத்தையே ஆடி மாதம், அஷ்டமி, ராகு காலம் மூன்றும் ஒன்றுகூடும் வேளையாகத் தேடிப் பிடித்து, மாலை மாற்றிச் செய்துகொண்டவன் நான். மேடையில் என் மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இன்று காலை ஏனோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காலண்டருக்குப் பக்கத்தில் போனேன். அஷ்டமி என்று இருந்தது.

கிளினிக்கில் கடப்பாவை மேஜை மேல் ஏற்றியதும் டாக்டர் சிப் உறையைப் பிரிக்கப் போனார்.

"டாக்டர், இன்னைக்கு அஷ்டமி" என்றேன். "சிப் உடம்புக்குள்ளயே தங்கப்போற சாமான். அதை நாலு நாள் கழிச்சு வெச்சுக்கலாம். ஊசிய மட்டும் போட்டு விட்ருங்க."

டாக்டர் ஜெபராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூடநம்பிக்கை பற்றி நூலகத்தில் நான் பேசிய கூட்டத்துக்கு வந்திருக்கிறார். "நாச்சிமுத்து சார், நீங்களா இதைச் சொல்றீங்க?"

"எனக்கொண்ணும் இல்லைங்க. சம்சாரத்துக்கு நம்பிக்கை. அவங்க மனசு சங்கடப்படக் கூடாதில்ல."

மரகதம் நாற்காலியில் உட்கார்ந்து நாயின் சங்கிலியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். மனைவியின் நம்பிக்கையை மதிப்பதும் ஒருவகையில் பகுத்தறிவுதான்.

"சிப், ஊசி எது முன்ன எது பின்னன்னு வரிசை ஏதாச்சும் குடுத்திருக்காங்களா சார்?" என்று டாக்டர் கேட்டார். கடப்பா அந்த நேரம் பார்த்து மேஜையிலிருந்து குதிக்கப் பார்த்ததால் பதில் சொல்ல வாய்க்கவில்லை. ஊசி போட்டார். கடப்பா முனகக்கூட இல்லை.

ஜூன் 23

சிப் வைத்தாயிற்று. நல்ல நேரம் பார்த்துத்தான். மரகதம் இன்றும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஜூலை 6

ஞாயிறு. ஸ்கூட்டர். அவரைக்காய் பொரியல், ரசம்.

ஜூலை 21

ரத்தம் எடுக்க நாள் குறிப்பதற்காக ரியாஸ் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் போன் வந்தது. குரலில் பேபி இல்லை.

"சார், ஊசி போட்ட தேதி பதினெட்டு. சிப் வெச்ச தேதி இருபத்தி மூணு. சிப் முதல்ல வெச்சிருக்கணும் சார். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி செல்லாது."

"அதே நாய்தானுங்களே தம்பி."

"அது உங்களுக்குத் தெரியும் சார். அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஊசி போட்டப்ப இதுக்கு அடையாளமே கிடையாதே. ரெண்டாவது பக்கத்துல தடிச்ச எழுத்துல போட்டிருந்தேனே சார்."

தடித்த எழுத்தை நான் படிப்பதில்லை. கத்திப் பேசுகிறவர்களிடம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை, அதே கொள்கைதான் இதற்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அக்டோபர் கடைசியில் போக வேண்டிய நாய், இனி டிசம்பரில்தான் போகும்.

இளவேனிலிடம் நானே சொன்னேன். அஷ்டமி என்று சிப்பைத் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். "யாருப்பா அஷ்டமி பாத்தது?" என்றாள். "அம்மாதான், வேற யாரு" என்றேன். மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்ப்பேச்சை எல்லாம் காதில் வாங்கி, ஒன்றையும் வெளியே விடாமல் சம்பளம் வாங்கியவள்.

போனை வைத்த பிறகு, "ஏனுங்க, நம்ம கல்யாணத்தன்னைக்கு என்ன திதி?" என்று கேட்டாள்.

"ஞாபகமில்லை" என்றேன்.

பீன்ஸ் நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

ஜூலை 22

மறுபடி ஊசி. டாக்டர் ஜெபராஜ் கதவைத் திறக்கும்போதே, "இன்னைக்கு என்ன சார் திதி?" என்றார். இவருடைய நகைச்சுவை உணர்வு பசுமாடுகளுக்கு மட்டுமே ஏற்றது.

ஆகஸ்ட் 4

கூண்டு வந்து இறங்கியது. இரண்டு வாரமாவது நாய் அதற்குள் படுத்துப் பழக வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் மிரளும் என்றார் ரியாஸ். கடப்பா சுற்றி வந்து மோந்து பார்த்தான். பழகவே மாட்டான், கட்டாயப்படுத்தக் கூடாது என்று நான் மரகதத்திடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்ப் படுத்துவிட்டான். நன்றிக்குப் பெயர்போன பிராணியாம். யார் பரப்பிய செய்தியோ.

ஆகஸ்ட் 25

ரத்தம் எடுத்தார்கள். பனிக்கட்டிப் பெட்டியில் பெங்களூர் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. எனக்கு சர்க்கரை பார்க்க வேண்டும் என்று மரகதம் ஏப்ரலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாய்க்கு முடிந்தது, அடுத்து எனக்குத்தானாம்.

ஆகஸ்ட் 31

ஞாயிறு. ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து முடித்துக் கையைத் துடைக்கும்போது வீடியோவில் இளவேனில் வந்தாள். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். ஏதோ இருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

"அப்பா, ஒண்ணு காட்டட்டுங்களா?" போனைத் திருப்பினாள். மரத்தரை. பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பாய் விரிக்கிற அளவுக்குப் புல்தரை. "இது கடப்பா படுக்கிற எடம். வெயில் இங்கதான் வரும். இது அவன் வெளிய போய் வர்ற கதவு."

"வாடகை எவ்வளவு கண்ணு?" என்றேன்.

"வாடகை இல்லைங்ப்பா. வாங்கிட்டேன்."

மே மாதமே பத்திரம் முடிந்துவிட்டதாம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாளாம். நாய்க்கு முதலில் தெரிவித்து, நாய் வழியாக எங்களுக்குத் தெரியவைத்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. மாடியில் ஓர் அறையைக் காட்டினாள். கட்டில், மெத்தை, ஜன்னல் திரை. "இது நீங்களும் அம்மாவும் வந்தா தங்கற ரூம். கெஸ்ட் ரூம்."

மரகதம், "நல்லா இருக்குது சாமி. பூஜை அலமாரி எங்க வெப்பே?" என்று பேச்சை எடுத்துக்கொண்டாள். நான் பாராட்டுகளைத் தெரிவித்துவிட்டு எழுந்தேன். கெஸ்ட். நல்ல சொல். எங்கள் வீட்டிலும் அவள் அறை ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் இன்னும் இளவேனில் ரூம் என்றுதான் சொல்கிறோம். திருத்திக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை. கடப்பாவும் சாப்பிடவில்லை, ஆனால் அவனுக்குக் காலையில் யாரோ பிரியாணி எலும்பு போட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 11

ஆய்வக முடிவு வந்துவிட்டது. தேவையான அளவைவிடப் பல மடங்கு எதிர்ப்புச் சக்தி. "பேபி சூப்பர் பாஸ் சார்" என்றார் ரியாஸ். சாக்கடை ஓரத்தில் வளர்ந்தவனுக்கு இல்லாத எதிர்ப்புச் சக்தியா. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

இனி ஒன்றுதான் பாக்கி. நாயோடு ஒருவர் விமானத்தில் போக வேண்டும். இளவேனிலுக்கு லீவு இல்லை. நான் போகிறேன் என்றேன்.

மரகதம் கேட்டாள்: "அவனைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவீங்கல்ல?"

"விடாம, அங்க உக்காந்து பனி அள்ளப்போறேனா?"

விட்டுவிட்டு வரத்தான் போகிறேன். அந்த ஊர் எப்படி, அக்கம்பக்கத்தார் எப்படி, கடப்பாவுக்கு ஒத்துவருமா என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம். ஒத்துவராவிட்டால் திருப்பி அழைத்து வருவதற்கும் விதி இருக்கிறதா என்று ரியாஸிடம் கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேட்டதில்லை சார்" என்றார்.

செப்டம்பர் 24

விசாவுக்காகச் சென்னை போய் வந்தேன். பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். ரசாயனம் புழங்கிப் புழங்கி என் ரேகை தேய்ந்துவிட்டதாம், இயந்திரம் மூன்று முறை மறுத்தது. கடப்பாவுக்கு வைத்த மாதிரி ஒரு சிப் வைத்துவிடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சிரித்தாள். இந்த நாலு மாதத்தில் என் பேச்சுக்குச் சிரித்த முதல் ஆள்.

கேள்விகள் நாய்க்குக் கேட்டதைவிட அதிகம். வேலை இருக்கிறதா? ஓய்வு பெற்றாயிற்று. வீடு யார் பெயரில்? மனைவி பெயரில். பெண்களுக்குச் சொத்தில் உரிமை வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு வீட்டை என் பெயரில் எழுதிக்கொள்ள முடியுமா? நிலம்? இல்லை. அங்கே யார் இருக்கிறார்கள்? ஒரே மகள். சொந்த வீட்டில்.

அக்டோபர் 9

விசா இல்லை என்று வந்துவிட்டது.

காரணம் ஒரு பக்கம் நிறைய இருந்தாலும் விஷயம் ஒரு வரிதான். விசாக் காலம் முடிவதற்குள் நான் ஊர் திரும்புவேன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம்.

அறுபத்தாறு வயதுக்காரன், பனியில் சளி பிடிக்கிறவன், ராகிக்களி இல்லாமல் ஒரு வாரம் தாங்காதவன், இவன் திரும்ப மாட்டான் என்று சந்தேகம். கடப்பா மேல் அந்தச் சந்தேகமே இல்லை. அவன் வரலாம், இருக்கலாம், வெயில் படும் இடத்தில் படுக்கலாம்.

ஒன்று எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் இவள் கிளம்பியபோது, நம் பக்கம் யாராவது ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்து, "ஏம்மிணி, நீ திரும்பி வருவேங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்க வேண்டும். பத்து விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நாயை விட்டுவிட்டுப் போகிறாளே, வராமல் எங்கே போவாள் என்று இருந்துவிட்டேன். என்னிடம் இருந்த ஆதாரம் அவன் ஒருவன்தான். சோறு போட்டு, நடக்க வைத்து, ஊசி போட்டு மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். அதைத்தான் இப்போது கூண்டில் வைத்து அனுப்புகிறேன்.

அக்டோபர் 10

மரகதம் தான் போவதாகச் சொல்லிவிட்டாள். முழங்கால் வலியோடு எப்படிப் போவாய் என்றேன். "நாய்தானே கூண்டுல போகுது, நான் சீட்லதானே போறேன்" என்றாள்.

நவம்பர் 5

மரகதத்துக்கு விசா வந்துவிட்டது. சொந்த வீடு, பென்ஷன். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் ஊரிலேயே இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கணவனை விட்டுவிட்டு எங்கே போய்விடுவாள் என்று அவர்களும் நம்பியிருக்கிறார்கள். ஆக, மரகதம் திரும்பி வருவதற்கு நான் ஆதாரம்.

நல்ல பதவி. கடப்பாவின் இடத்துக்கு என்னை நியமித்திருக்கிறார்கள்.

நவம்பர் 28

கூண்டுக்குள் விரிக்க, எஜமானின் வாசனை உள்ள துணி ஒன்று வேண்டும் என்றார் ரியாஸ். துவைத்ததாக இருக்கக் கூடாது. இளவேனிலின் பீரோவைத் திறந்தேன். குட்டியாக இவனைச் சுற்றி எடுத்து வந்த அந்தத் துப்பட்டா இருந்தது. எடுத்துக் கூண்டில் விரித்தேன். பாச்சை உருண்டை வாசம்தான் அடித்தது. கடப்பா மோந்து பார்த்துத் தும்மினான், வெளியே வந்து நின்றான்.

குளிக்கப் போகும்போது நான் கழற்றிக் கொடியில் போட்டிருந்த பனியனை இழுத்துக்கொண்டு போய்க் கூண்டுக்குள் படுத்தான். நான் கொடுக்கவில்லை. அவனாக எடுத்தது.

பெயின்ட் கடைக்காரர் புது வருடக் காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 2

சென்னை விமான நிலையம். ஓர் அதிகாரி கடப்பாவின் கழுத்துக்குப் பக்கத்தில் கருவியைக் காட்டினார். கீச்சென்றது. எண் சரி, ஊசி சரி, ரத்தம் சரி, கூண்டு சரி. இதைவிடச் சரியாக இந்த நாட்டிலிருந்து யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

கூண்டின் மேல் 'உயிருள்ள விலங்கு' என்று இரண்டு பக்கமும் ஒட்டினார்கள். கதவு வழியாகக் கையை விட்டேன். நக்கினான். தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகும்போது எழுந்து நின்று திரும்பிப் பார்த்தான். விதிப்படி எழுந்து நிற்கவும் திரும்பவும் இடம் இருந்தது. அந்த விதியை எழுதியவனுக்கு நாய் பற்றித் தெரியும், நாயை அனுப்புகிறவனைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மரகதம், "மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க. சர்க்கரை பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். எழுதிவிட்டேன். இனி யாரும் கேட்க வேண்டாம்.

டிசம்பர் 4

போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்தேன். நாட்டு நடப்பு ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

டிசம்பர் 7

ஞாயிறு. ஸ்கூட்டர்.

டிசம்பர் 15

ஒரு தோசை கூடுதலாக ஊற்றிவிட்டேன். மரகதம் இல்லாத வீட்டில் சுடத் தெரியாமல் சுட்டதே பெரிது, கணக்கு வேறு தவறுகிறது. புது வருடக் காலண்டரைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை.

டிசம்பர் 28

ஞாயிறு. சாயங்காலம் மூவரும் வீடியோவில் வந்தார்கள். கடப்பா மரத்தரையில், ஜன்னல் ஓரம், கல் பதித்தது போல் கிடந்தான். என் பனியன் அவனுக்கடியில் இருந்தது. என் குரல் கேட்டதும் தலையைத் தூக்கி, போனைப் பார்க்காமல் வாசல் கதவைப் பார்த்தான்.

இளவேனில் அவனைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. அஷ்டமி பாத்தது யாருன்னு."

மரகதத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் ஒட்டுக்கேட்டும் ஒரு வார்த்தை வெளியே விடாதவள், என் விஷயத்தில் விட்டுவிட்டாள்.

"எதுக்குங்ப்பா இத்தனை சுத்தி? நேரா என்கிட்ட, அங்க இருக்காத, வந்துருன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவள் கடப்பாவின் காதை மடித்து மடித்து விட்டாள்.

"இல்லைங்ப்பா" என்றாள். அழுதாள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான்தான் அப்படி வளர்த்தேன். என்னிடம் அதைக் கற்றுக்கொண்டதாக அவள் சொல்லக் கூடும், இந்த வருடம் மட்டும் அதை யாரும் நம்ப மாட்டார்கள். "சரி கண்ணு. அழாத. வீடு நல்லாத்தான் இருக்குது" என்றேன். நல்லாத்தான் இருக்கிறது.

"நீங்க மறுபடி விசாவுக்குப் போடுங்ப்பா. இந்தத் தடவை எல்லாக் காயிதமும் நான் பாத்து அனுப்பறேன்."

யோசித்துப் பார்த்தேன். நான் இங்கே இருந்தால்தான் மரகதத்தை அங்கே விடுவார்கள். மரகதம் இங்கே வந்து உட்கார்ந்தால்தான் என்னை அங்கே விடுவார்கள். மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து தோசை தின்ன வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அந்த வழிக்கு அவளிடம் லீவு இல்லை. இதை நான் சொல்லவில்லை. மகள் அழுது முடித்த நேரம்.

"உங்கம்மாவை முதல்ல அனுப்பி வை. டிக்கெட் ஜனவரி பத்தாம் தேதிதானே? நான் சென்னைக்கு வந்துடறேன்" என்றேன்.

மரகதம் கையை நீட்டிப் பக்கத்துச் சுவரிலிருந்து எதையோ எடுத்தாள். பெயின்ட் கடைக் காலண்டர். பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறாள். தாளைத் தூக்கிப் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"பத்தாம் தேதி அஷ்டமிங்க. அன்னைக்குக் கெளம்ப முடியாது. பிப்ரவரில பாத்துக்கலாம்."

"மரகதம், நம்ம கல்யாணமே அஷ்டமிலதானே நடந்துது?"

"அதனாலதானுங்க சொல்றேன்" என்றாள்.

இளவேனில் அழுத கண்ணோடு சிரித்தாள். கடப்பா இன்னும் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மரகதம் போனை வைத்துவிட்டாள்.